வாசகர் கேள்வி–பதில்: ஒற்றைக் காலில் நிற்கும் மரவீடு

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் பிட்ஸ்டோன் காற்றாலையின், அதாவது காற்றால் மாவரைத்த ஒரு பழைய மரவீட்டின் படம் வந்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மின்சாரக் காற்றாலைகள் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். அது தனிக் கதை.

அந்த மரவீடு முழுவதுமே சுற்றும் என்று போட்டிருந்தீர்கள். அத்தனை பாரத்தை எது தாங்குகிறது? யார் திருப்புவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

படத்தில் இருப்பது போஸ்ட் மில் என்ற வகை. தூண் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக் காற்றாலைகளில் மூத்தது இதுதான். யார்க்ஷயரின் வீட்லியில் 1185இல் ஒரு காற்றாலைக்குக் குத்தகைப் பணம் வந்ததாகப் பதிவு இருக்கிறது. 1191இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் சொந்தமாக ஓர் ஆலை வைத்தார். காற்று எல்லாருக்கும் பொதுதானே என்பது அவர் வாதம். மடாதிபதி சாம்சனுக்கு வந்ததே கோபம்! அந்த வட்டாரத்தில் மாவரைக்கிற உரிமை மடத்துக்குச் சொந்தம், வருமானம் போய்விடுமே. மடத்து ஆட்கள் வந்து இடிப்பதற்குள் ஹெர்பர்ட் தானே பிரித்துப் போட்டுவிட்டார்.

இனி பாரத்துக்கு வருவோம். தரையில் நாலு செங்கல் கட்டைகள். அவற்றின் மேல் கூட்டல் குறி போல இரண்டு ஓக் உத்திரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் சுமார் இரண்டடி கனமுள்ள தூண். உத்திரங்களின் நாலு முனைகளிலிருந்தும் சாய்வுக் கட்டைகள் ஏறிப் போய்த் தூணின் இடுப்பில் முட்டுக் கொடுக்கின்றன. பார்க்கிறவர்கள், தூண் உத்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். உட்காரவில்லை. தூணின் அடியைக் கவட்டை போல வெட்டி, உத்திரங்களைத் தொடாமல் அவற்றுக்கு இருபுறமும் காலை விட்டிருப்பார்கள். பாரம் முழுவதும் சாய்வுக் கட்டை வழியாக உத்திரத்தின் முனைக்கு இறங்கி, நேராகச் செங்கல் கட்டைக்குப் போய்விடும். உத்திரத்தின் வேலை, சாய்வுக் கட்டைகளின் கால் வெளியே விலகாதபடி இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். ஓட்டு வீட்டில் கைமரங்கள் விலகாமல் விட்டம் பிடித்துக்கொள்கிறதே, அதே கணக்கு.

தூணின் உச்சியில் குறுக்கே ஒரு பெரிய உத்திரம். மரவீட்டின் இரண்டு பக்கச் சட்டங்களும் அதன் முனைகளில் தொங்குகின்றன. ஆக, வீடு கீழேயிருந்து எழும்பவில்லை. குடைத் துணி கம்பியின் உச்சியில் தொங்குவது போலத் தொங்குகிறது. அதனால்தான் சுற்ற முடிகிறது.

திருப்புவது ஆலைக்காரர்தான். வீட்டின் முதுகிலிருந்து தரை வரை ஒரு நீண்ட கழி நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் பிரேக்கைப் போட்டு, தரையில் ஊன்றியிருக்கும் ஏணிப்படியை நெம்புகோலால் தூக்கிவிட்டு, கழியில் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். சுற்றிலும் நட்ட முளைகளில் சங்கிலியை மாட்டிச் சிறு உருளையால் இழுப்பதும் உண்டு. காற்று திசை மாறும் போதெல்லாம், நடுராத்திரியானாலும் இந்த வேலை.

இந்த வகைக்கு இரண்டு பெரிய நோய்கள். ஒன்று, சாய்வுக் கட்டை உத்திரத்தில் உட்காரும் மூட்டில் மழைநீர் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளே உளுத்துப் போவது. பிற்காலத்தில் அடிப்பாகத்தைச் சுற்றி வட்டச் சுவர் எழுப்பிக் கூரை போட்டதன் முக்கியப் பலன், இந்த மூட்டு நனையாமல் இருப்பது. தானிய மூட்டைகளை அடுக்க இடம் கிடைத்தது கூடுதல் லாபம். இன்னொன்று முன்சாய்வு. இறக்கை, அச்சு, பெரிய சக்கரம் எல்லாம் முன்பக்கமே இருப்பதால் காலப்போக்கில் வீடு முன்னால் குனிந்துவிடும். ஒரு ஜோடி அரைக்கும் கல்லைப் பின்பக்கம் வைத்துத் தராசைச் சரி செய்வார்கள்.

பிட்ஸ்டோன் ஆலையின் சட்டம் ஒன்றில் 1627 என்று செதுக்கியிருக்கிறது. சர்ரேயில் உள்ள அவுட்வுட் ஆலைக்கு 1665.

கட்டுமரத்தில் காற்று மிஞ்சினால் பாயைச் சுருட்டிவிடுவோம். சுற்றிக்கொண்டிருக்கிற இறக்கையில் பாயை எப்படிச் சுருக்குவார்கள்?
— மீனவர் குடும்ப வாசகர், வீராம்பட்டினம்

கேட்க வேண்டிய ஆள் கேட்டிருக்கிறார். சுற்றும்போது சுருக்க முடியாது என்பதுதான் 600 வருடத் தலைவலி.

பழைய இறக்கை ஒரு மர ஏணி. அதன் மேல் துணிப்பாய். அச்சுக்குப் பக்கத்து முனையில் பாயைத் திரைச்சீலை போல வளையங்களில் மாட்டியிருக்கும். விரிக்கவோ சுருக்கவோ, பிரேக்கைப் போட்டு ஓர் இறக்கையைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, அந்த ஏணியிலேயே ஏறிக் கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு பிரேக்கை விட்டு அடுத்த இறக்கை. இப்படி நாலு தடவை. அளவுகள் நாலு: முழுப்பாய், முதல் சுருக்கு, அதற்கும் குறைந்தால் குத்துவாள் முனை, கடைசியாக வாள் முனை. பாய் கூம்பிக் கூம்பி ஒல்லியாவதால் அப்படிப் பெயர். பனிக்காலத்தில் நனைந்த பாய் உறைந்து தகரம் போலாகிவிடும். விரலால் முடிச்சு அவிழாது.

காற்று கூடக்கூட ஏன் இத்தனை பயம் என்றால், ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வைப் பார்க்க வேண்டும். மாதிரி இறக்கைகளைச் சுழலும் கரத்தில் பொருத்திச் சோதித்தவர் அவர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பத்து நிமிடத்தில் காற்று இரட்டித்தால், உள்ளே ஓடுவது எட்டு ஆலை!

அந்த நேரத்தில் பிரேக்கை இறுக்குவது பெரிய ஆபத்து. பிரேக் என்பது, இறக்கை அச்சிலுள்ள மரச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் மரக்கட்டை வளையம். மரத்தோடு மரம் உரசினால் என்ன ஆகும் என்று தீக்கடைகோல் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புகை வரும், பொறி வரும், அப்புறம் ஆலையே இருக்காது. அனுபவப்பட்டவர்கள் வேறு செய்வார்கள்: கற்களை நெருக்கி, தானியத்தை அதிகமாக விட்டுச் சுமையை ஏற்றுவார்கள், வேகம் தானாக மட்டுப்படும். அல்லது ஆலையின் முகத்தைக் காற்றிலிருந்து சற்றே விலக்குவார்கள். வேகம் தணிந்த பிறகுதான் பிரேக்.

தீர்வு துண்டு துண்டாக வந்தது. 1772இல் ஆண்ட்ரூ மைக்கிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர் துணிக்குப் பதில் ஜன்னல் பலகை போன்ற சின்னச் சின்னச் சட்டங்களை வைத்து, வில் கம்பியால் மூடியிருக்கச் செய்தார். பலத்த காற்று அடித்தால் பலகைகள் திறந்து காற்றை விட்டுவிடும். ஆனால் வில்லின் இறுக்கத்தை மாற்ற ஒவ்வோர் இறக்கையையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். 1807இல் வில்லியம் கியூபிட் அதையும் தீர்த்தார். இறக்கை அச்சை நடுவில் துளையிட்டு, அதற்குள் ஓர் இரும்புக் கம்பியை முன்னிருந்து பின்வரை விட்டார். முன்முனையில் எட்டுக்கால் பூச்சி போல ஓர் இணைப்பு. அது எல்லாப் பலகைகளையும் ஒரே நேரத்தில் திறக்கும், மூடும். பின்முனையிலிருந்து ஒரு சங்கிலி வெளியே தொங்கும். அதில் எடைக்கல்லை மாட்டினால் பலகை மூடிப் பிடிக்கும். காற்று அந்த எடையை மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும். ஆலை ஓடிக்கொண்டே இருக்கும்போது, தரையில் நின்று செய்கிற வேலை.

இவ்வளவு வந்த பிறகும் துணிப்பாயைச் சிலர் விடவில்லை. ஒரே காற்றில் துணிப்பாய்தான் அதிக இழுப்புத் தரும். பலகைக்கு நடுவே காற்று கசியும். இரண்டு இறக்கைக்குத் துணி, இரண்டுக்குப் பலகை என்று சமரசம் செய்துகொண்ட ஆலைகளும் உண்டு.

பல்சக்கரங்கள் மரமா இரும்பா? பல் உடைந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டுமா?
— தச்சர், கடலூர் முதுநகர்

இரண்டும் கலந்துதான். பெரிய சக்கரத்தில் மரப்பல், அதோடு கோக்கும் சிறிய சக்கரத்தில் இரும்புப்பல் என்பது 19ஆம் நூற்றாண்டில் பழகிப்போன ஜோடி. மரம் இரும்போடு உரசினால் சத்தம் குறைவு, பொறி பறக்காது. ஏதாவது சிக்கினால் மரப்பல் முறிந்து இரும்பைக் காப்பாற்றும்.

ஒவ்வொரு பல்லும் தனித்தனி. சக்கர வளையத்தில் சதுரத் துளை, பல்லின் வால் அதற்குள் இறங்கிப் பின்பக்கம் வெளியே வரும், அங்கே ஆப்பு அல்லது முளை. உடைந்ததைத் தட்டி எடுத்துப் புதிதைச் செருகினால் தீர்ந்தது. சக்கரத்தின் உடம்பு ஓக். பல்லுக்கு ஹார்ன்பீம் அல்லது ஆப்பிள் மரம், அதாவது இழை நெருங்கிய, சிலாம்பு கிளம்பாத மரம். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் பல் செய்தால் சுருங்கி, துளையில் ஆடத் தொடங்கும். ஒரு பல் ஆடினால் அதன் சுமை அடுத்த பல்லுக்குப் போகும். பிறகு வரிசையாகப் போய்விடும். பற்களுக்குத் தேன்மெழுகு, அச்சுத் தாங்கிகளுக்குக் கொழுப்பு.

பல் எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம் உண்டு, தச்சருக்குப் பிடிக்கும். பெரியதில் 80, சிறியதில் 20 என்று வைத்தால் கணக்கு சுத்தமாக நாலுக்கு ஒன்று. ஆனால் சிறியதன் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே நாலு பற்களைத்தான் சந்திக்கும். ஒன்று கோணலாக இருந்தால் அந்த நாலும் சீக்கிரம் தேயும். பெரியதில் ஒரே ஒரு பல்லைக் கூட்டி 81 ஆக்கிவிட்டால், குறிப்பிட்ட இரண்டு பற்கள் மறுபடி சந்திக்கச் சிறிய சக்கரம் 81 முறை சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிவிடும். அந்த ஒற்றைப் பல்லை ‘வேட்டைப் பல்’ என்பார்கள். இது மட்டும் இல்லையென்றால் பல ஆலைகள் பாதி ஆயுசில் போயிருக்கும்.

ஆட்டுக்கல் கொத்துவது போல இந்தக் கல்லையும் கொத்துவார்களாமே?
— மாவு மில் நடத்துபவர், நெல்லிக்குப்பம்

கொத்தித்தான் ஆக வேண்டும். தொடர்ந்து ஓடும் கல் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

கல்லின் குறுக்களவு பெரும்பாலும் நாலு அடி. கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். மேல்கல் ஏறக்குறைய ஒரு டன். இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 15 சுற்று சுற்றினால், இரண்டு கட்டப் பல்சக்கரங்களைக் கடந்து கல் 120 முதல் 140 சுற்றுக்கு வரும். நம் திருகையில் கல்லோடு கல் உரசும்; இங்கே உரசவே கூடாது. மேல்கல் ஓர் இரும்புத் தண்டின் முனையில் சமன் செய்து நிற்கிறது. நடுக்கண் பக்கம் இடைவெளி சற்றுத் தாராளம், விளிம்புக்கு வரவர மெல்லிய தாள் நுழையும் அளவு. தானியம் நடுவில் உடைந்து, நடுவட்டத்தில் நொறுங்கி, விளிம்பில் மாவாகி வெளியேறும்.

கல்லின் முகத்தில் வாய்க்கால்கள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. இரண்டு கல்லிலும் ஒரே வடிவம்தான். ஆனால் மேல்கல்லைக் கவிழ்த்துப் போட்டால் வாய்க்கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். சுற்றும்போது ஆயிரம் கத்தரிகள் ஒரே நேரத்தில் மூடுவது போல. உமியைத் தூளாக்காமல் சீவி எடுப்பதும், காற்றோட்டம் கொடுத்து மாவு சூடாகாமல் காப்பதும் இந்த வாய்க்கால்தான்.

கொத்தும் முறை இது. மேல்கல்லைக் கப்பி போட்டுத் தூக்கி, மல்லாத்த வேண்டும். மட்டப்பலகையின் அடியில் செங்காவிக் குழம்பைப் பூசிக் கல்லின் முகத்தில் தேய்க்க வேண்டும். எங்கெல்லாம் சிவப்பு ஒட்டுகிறதோ அங்கெல்லாம் மேடு. இரண்டு முனையும் கூர்மையான எஃகு உளியை மரப்பிடியில் செருகி, ஒருக்களித்துப் படுத்து, முழங்கைக்கு ஒரு தவிட்டு மூட்டையை அணை கொடுத்து, மேட்டை மட்டும் கொத்துவார்கள். பிறகு வாய்க்கால்களை ஆழப்படுத்தி, கடைசியாக விளிம்பை ஒட்டிய மேட்டுப் பட்டைகளில் மெல்லிய கோடுகள். கைதேர்ந்தவர் ஓர் அங்குலத்தில் 16 கோடு போடுவார். அவசரப்பட்டு ஆழமாகக் கொத்தினால் கல்தூள் மாவில் விழும். நம் ஊரில் ஆட்டுக்கல் கொத்திய முதல் நாள் அரிசியைப் போட்டு ஆட்டிக் கொட்டிவிடுகிறோமே, காரணம் ஒன்றுதான்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். வெள்ளை மாவுக்கு ஃபிரான்ஸிலிருந்து, மார்ன் பள்ளத்தாக்கில் உள்ள லா ஃபெர்தே சு ஜுவார் ஊர்க் கல். முழுக்கல்லாகக் கிடைக்காது, துண்டுகளைப் பாரிஸ் சாந்தில் ஒட்டி, இரும்புப் பட்டையைச் சூடாக்கிப் பூட்டுவார்கள், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது மாதிரி. மாட்டுத் தீவனத்துக்கு டெர்பிஷயர் மணற்கல் போதும்.

மில் வைத்திருப்பவர் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். தொட்டியில் தானியம் தீர்ந்தால் கல்லோடு கல் உரசிப் பொறி பறக்கும். மாவுத் தூசி நிறைந்த மரவீட்டில் அது போதும். ஆகவே தொட்டிக்குள் ஒரு தோல்வார், அதன் மறுமுனையில் ஒரு மணி. தானியம் வாரை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மணி எட்டத்தில் தொங்கும். தானியம் குறைந்தால் வார் தளர்ந்து, மணி இறங்கிச் சுற்றும் தண்டில் பட்டு அலறும். அடுத்தது, வேகம் கூடினால் தானியம் அதிகமாக உள்ளே போய், மேல்கல் எழும்பி, மாவு நொய்யாக வரும். இதற்காகச் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளை வைத்தார்கள். வேகம் ஏறினால் அவை விரிந்து மேல்கல்லைத் தாழ்த்தும். தாமஸ் மீட் இதற்கு 1787இல் காப்புரிமை வாங்கினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினில் நாம் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்த அந்தக் குண்டுகள் காற்றாலையிலிருந்து போனவை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற காற்றாடிக்கு வால் இருக்கிறது, தானாகத் திரும்பும். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது தோன்றவில்லையா?
— விவசாயி, குயிலாப்பாளையம்

இலேசான இரும்புக் காற்றாடியைத் தகர வால் திருப்பிவிடும். பல டன் மரத்தைத் திருப்பாது. அவர்கள் முதலில் திருப்ப வேண்டிய பாரத்தைக் குறைத்தார்கள். உடம்பு அசையாமல் நிற்க, உச்சியில் இறக்கையைத் தாங்கும் தொப்பி மட்டும் சுவர்மேல் வளையத்தில் சுற்றும். உடம்பு செங்கல் அல்லது கருங்கல்லானால் கோபுர ஆலை. எட்டுப் பக்க மரச்சட்டமானால் ஸ்மாக் மில். பிந்தையது தூரத்திலிருந்து பார்க்க அந்தக் காலக் குடியானவரின் தொளதொளச் சட்டை போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். மரத்தில் எட்டு மூலை என்றால் மழை புக எட்டு வழி. மூலைக் கால்கள் அடியில் உளுத்து உடம்பு கோணினால் மேலே வளையம் வட்டம் கெட்டுத் தொப்பி சிக்கிக்கொள்ளும். கென்ட் மாவட்டம் கிரான்புரூக்கில் 1814இல் கட்டிய யூனியன் மில் இந்த வகையில் பிரிட்டனில் நிற்பவற்றுள் உயரமானது, 72 அடி.

தானாகத் திரும்பும் கருவிக்கு எட்மண்ட் லீ 1745இல் காப்புரிமை பெற்றார். தொப்பியின் பின்புறம், பெரிய இறக்கைகளுக்குச் செங்குத்தான திசையில், ஒரு சின்ன விசிறி. காற்று நேராக ஆலையின் முகத்தில் அடிக்கும்போது விசிறி காற்றுக்கு விளிம்பைத்தான் காட்டும், அது சும்மா இருக்கும். காற்று ஒதுங்கினால் விசிறியில் பட்டுச் சுற்றும். பல்சக்கரங்கள் வழியாக அது பல நூறு சுற்றுச் சுற்றினால்தான் தொப்பி ஒரு முழு வட்டம் திரும்பும். அவ்வளவு மெதுவாகத் திருப்புவதால்தான் அந்தச் சின்ன விசிறிக்கு இத்தனை பலம். முகம் நேரானதும் நின்றுவிடும். இங்கிலாந்து ஆலைகளில் எங்களுக்கு மிகப் பிடித்த பாகம் இது.

ஓட்டை ஒன்று உண்டு. இடிமழை நேரத்தில் காற்று சட்டென்று எதிர்த்திசைக்கு மாறினால், முதுகுப்பக்கம் அடிக்கும் காற்றுக்கும் விசிறி விளிம்பைத்தான் காட்டும். திரும்பாது. முன்னிருந்து தள்ளும் காற்றைத் தாங்கவே எல்லாம் கட்டியிருப்பதால், பின்னிருந்து வந்தால் இறக்கையோடு அச்சும் தொப்பியும் தூக்கிக்கொண்டு போகும்.

நாலு இறக்கைதான் கணக்கா?
— பள்ளி மாணவி, அரியாங்குப்பம்

இல்லை. ஐந்து, ஆறு, எட்டு எல்லாம் லிங்கன்ஷயரில் சுற்றின. கூடுதல் இறக்கை மெல்லிய காற்றிலும் இழுக்கும். ஆனால் நாலில் ஒன்று முறிந்தால் எதிரே உள்ளதையும் கழற்றிவிட்டு இரண்டோடு ஓட்டலாம். ஐந்தில் ஒன்று முறிந்தால் சமன் கெட்டு நிற்க வேண்டியதுதான். ஆறு என்றால் நாலு, மூன்று, இரண்டு எதிலும் ஓடும். எட்டு இறக்கையோடு இன்று பிரிட்டனில் நிற்பது ஹெக்கிங்டன் ஆலை மட்டும். 1830இல் கட்டும்போது அதற்கு எட்டு இல்லை. 1890இல் ஒரு பெருங்காற்று தொப்பியையும் இறக்கைகளையும் பிய்த்துவிட, பாஸ்டன் நகரில் பிரித்து விற்ற வேறோர் ஆலையின் எட்டு இறக்கைகளை வாங்கி 1892இல் மாட்டினார்கள்.

காற்றாலைக்காரர் ஒருவர் கணித மேதை என்கிறார்களே, உண்மையா?
— பொறியியல் மாணவர், காலாப்பட்டு

உங்கள் இரண்டாம் செமஸ்டரில் தலைவலி கொடுத்த கிரீன் தேற்றத்தின் கிரீன்தான். ஜார்ஜ் கிரீன், 1793இல் பிறந்தவர். நாட்டிங்ஹாம் அருகே ஸ்னைன்டனில் அவர் தந்தை 1807இல் கட்டிய செங்கல் கோபுர ஆலையில் வேலை பார்த்தார். பள்ளிப்படிப்பு ஓராண்டு சொச்சம். 1828இல் மின்சாரம், காந்தம் பற்றிய கணிதக் கட்டுரையைச் சந்தா சேர்த்துத் தன் செலவில் அச்சிட்டார். கேம்பிரிட்ஜுக்கு மாணவராகப் போனபோது வயது நாற்பது. 1841இல் இறந்தார். அந்த ஆலை 1947இல் தீப்பிடித்து, 1980களில் சீராகி, இப்போதும் மாவு அரைக்கிறது.

இப்படி ஒன்றை நம் கடற்கரையில் கட்டினால் ஓடுமா?
— வாசகர், தேவனாம்பட்டினம்

ஓடும், எத்தனை வருடம் நிற்கும் என்பதுதான் கேள்வி. மணிக்கு 30, 35 கி.மீ. வேகத்தில் சீராக வீசும் காற்றுதான் இந்த ஆலைக்குச் சாப்பாடு. நம் கடற்காற்று பிற்பகலில் எழுந்து இரவில் அடங்கிவிடும், அதனால் அரை நாள் வேலை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியதே, அதை நினைத்துக் கணக்குப் போடுங்கள். 30 கி.மீ. காற்றுக்கு வடிவமைத்த இறக்கையில் 120 கி.மீ. காற்று அடித்தால் விசை 16 மடங்கு, ஆற்றல் 64 மடங்கு. பாயை முழுக்கச் சுருட்டினாலும் ஏணிச் சட்டமே முறியும். பிட்ஸ்டோன் ஆலையே 1902இல் ஒரு புயலில் சேதப்பட்டு ஓட்டத்தை நிறுத்தியதுதான். கரையான் வேறு இருக்கிறது.

அரைப்பதற்கும் சரக்கு வேண்டும். கம்பு, கேழ்வரகு, கோதுமை என்றால் இந்தக் கல் சரிப்படும். நெல்லுக்கு உமி மட்டும் போக வேண்டும், அரிசி உடையக்கூடாது. இந்தக் கல்லில் கொட்டினால் குருணைதான் மிஞ்சும்.

மகள் லண்டனில் இருக்கிறாள், மே மாதம் போகிறோம். வெகுதூரம் அலையாமல் பார்க்க முடியுமா?
— இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்

லண்டனுக்குள்ளேயே இருக்கிறது. தெற்கே பிரிக்ஸ்டனில் 1816ஆம் ஆண்டுச் செங்கல் கோபுர ஆலை. சுற்றிலும் வீடுகள் எழும்பிக் காற்றை மறைத்ததால் 1860களில் ஆலைக்காரர் தொழிலை வேறிடத்துக்கு மாற்றினார். 1902இல் திரும்பி வந்து எஞ்சின் வைத்து 1934 வரை அரைத்தார்கள். விம்பிள்டன் மைதானத்தில் 1817இல் கட்டிய ஆலை இப்போது அருங்காட்சியகம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் சஃபக்கில் உள்ள சாக்ஸ்டெட் கிரீன் போங்கள், அசல் தூண் ஆலை. 1947 வரை தொழில் நடந்தது. மே மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறில் நாடு முழுக்கப் பழைய ஆலைகளைத் திறந்து விடுவது வழக்கம், அந்தத் தேதிக்குப் பயணத்தை வைத்துக்கொண்டால் லாபம்.

உள்ளே ஏணிப்படி செங்குத்தாக இருக்கும். புடவையை விடச் சுடிதார் வசதி. இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்குங்கள். கல் தளத்தில் தானியத் தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள், மேலே சொன்ன தோல்வார் பல இடங்களில் இருக்கும். தூண் ஆலையானால் பின்பக்கமாகவே வந்து பின்பக்கமாகவே போக வேண்டும். முன்னால் கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். இறக்கையின் நுனி தரைக்கு வெகு அருகில் வரும், சத்தமில்லாமல் வரும். நிமிடத்துக்கு 15 சுற்று என்றால் நொடிக்கு ஓர் இறக்கை.